திரையில் நீங்கள் ஒட்டிவைத்த ஐந்தாவது சீட்டு

இன்று காலை உங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒன்பது மாதமாகப் பழைய வேட்டியைப் போர்த்தி மூடி வைத்திருந்தேன். சுவிட்சைத் தட்டியதும் உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்கி, சூடான தூசி வாடை அறை முழுக்கப் பரவியது. முன்பெல்லாம் அந்த வாடை வந்தால் நீங்கள் எழுந்துவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்வேன். உடனே பாலை அடுப்பில் ஏற்றுவேன். இன்றும் அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டுத்தான் நின்றேன்.

திரும்பி வந்து பார்த்தால், திரையில் உங்கள் மஞ்சள் சீட்டுகள் வந்து நிற்கின்றன. ‘காலை மாத்திரை வெள்ளை. ராத்திரி மாத்திரை ரோஸ்.’ ‘கேஸ் அடுப்பைத் தொடக் கூடாது.’ ‘மகள் உமா கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு பேத்திகள்.’ ‘சரசு கோயிலுக்குப் போனால் பதினோரு மணிக்குள் வந்துவிடுவாள். தேட வேண்டாம்.’ நீங்கள் இல்லை என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. உங்களுக்காக நான்கையும் எடுத்து வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறது.

ஐந்தாவது சீட்டு அங்கே இல்லை. அதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உமாவிடம் இதுவரை சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் கம்ப்யூட்டரை நம் பிள்ளை செந்தில் கொண்டுவந்த சனிக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது அவனுக்கு. நீங்கள் ஓய்வு பெற்று ஒரு மாதம். தல்லாகுளத்து அலுவலகத்தில் முப்பது வருஷம் நில வரைபடம் வரைந்த கை, வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தினத்தந்திப் பேப்பரின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவன் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை தரையில் உட்கார்ந்து ஒயர்களைச் சொருகினான்.

எதையெதையோ போட்டுக் குழப்பாதே என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அவன் சிரித்துக்கொண்டே, “வீட்டுக்கு இம்புட்டு இருந்தாப் போதும்ப்பா,” என்று ஐந்தே ஐந்தைத்தான் திரையில் வரிசையாக வைத்தான். தமிழில் அடிப்பதற்கு ஒன்று. படம் வரையப் பெயிண்ட். பாட்டுக் கேட்க, ஆரஞ்சு நிறக் கூம்பு போட்ட ஒன்று. நாள் கிழமையைக் குறித்து வைத்தால் மணியடித்துச் சொல்லும் காலண்டர். அப்புறம் அந்த மஞ்சள் சீட்டு.

இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று நீங்கள் அடிக்க, அது தமிழில் அம்மா என்று மாறி நின்றது. அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். பெயிண்டைத் திறந்ததும் ஸ்கேல் எங்கே, அளவு எங்கே என்று செந்திலிடம் சண்டை பிடித்தீர்கள். ஒரு வாரத்தில் நம் வீட்டையே அதில் வரைந்துவிட்டீர்கள். கிணற்றடி, துணி துவைக்கும் கல், நான் வைத்த கறிவேப்பிலைச் செடி உட்பட. கூம்புக்குக் கூம்பு என்றே பேர் வைத்தீர்கள். “கூம்பைப் போடவா சரசு?” என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டுப் போடுவீர்கள். மஞ்சள் சீட்டை மட்டும் தொடவே இல்லை. முப்பது வருஷத்துச் சர்வே நம்பர் மண்டையில் இருக்கிறது, எனக்கு எதற்கடா ஞாபகச் சீட்டு என்றீர்கள். இருக்கட்டும்ப்பா, ஒரு ஓரமா கிடக்கட்டும் என்றான்.

அதற்கடுத்த ஆடியில் அவன் போய்விட்டான். காலையில் வேலைக்குப் பைக்கில் போனவன் மேல் லாரி ஏறியது. இருபத்தேழு வயது. தத்தனேரியில் நீங்கள் கொள்ளி வைத்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது.

உங்களுக்கு மறதி வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. முதலில் கண்ணாடி, சாவி. பிறகு கோரிப்பாளையத்தில் காய் வாங்கப் போய், வீட்டுக்குத் திரும்பும் தெரு தெரியாமல் தர்கா வாசலில் நின்றிருந்தீர்கள். அங்கே அத்தர் விற்கும் பாய், அலுவலகத்தில் உங்களைப் பார்த்த பழக்கத்தில் கூட்டிவந்து விட்டார். டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, இது குறையாது, கூடத்தான் செய்யும் என்று சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் நேரே கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, செந்தில் ஓரமாகப் போட்டு வைத்த மஞ்சள் சீட்டைத் திறந்தீர்கள். “எழுதி வச்சாப் போதும். மண்டைக்குள்ளதான் இருக்கணும்னு என்ன?” என்றீர்கள். அன்று உங்கள் குரலில் பயம் இல்லை.

அது உங்களைக் கொஞ்ச காலம் தாங்கவும் செய்தது. காலையில் எழுந்ததும் திரையைப் பார்த்து, இன்று என்ன கிழமை, எந்த மாத்திரை, யார் எங்கே என்று படித்துக்கொண்டு அந்த நாளுக்குள் வருவீர்கள். காலண்டர் மணியடித்தால் மாத்திரை சாப்பிடுவீர்கள். பால் பூத்துக்குப் போகும் வழியைப் பெயிண்டில் வரைந்து, அதைப் பார்த்து ஒரு தாளில் பென்சிலால் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வீர்கள். அலுவலக வரைபடம் மாதிரி ஓரத்தில் கட்டம் கட்டி, அதற்குள் வீட்டு விலாசமும் என் போன் நம்பரும்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “செந்தில் இந்த வாரம் வாரானா?” என்று கேட்டீர்கள். எனக்குச் சட்டினிக் கிண்ணம் கையிலேயே நின்றது. பொய் சொல்லத் தெரியவில்லை. சொன்னேன். நீங்கள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டவர் போல அலறினீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அந்த வாரமே இன்னும் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் நான் சொன்னேன், இரண்டு தடவையும் நம் பிள்ளை அன்றைக்குத்தான் செத்தான். மூன்றாவது தடவை உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் நீங்கள் கேட்கவே இல்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம், ஆறு மாதம். அவன் பேரே உங்கள் வாயில் வரவில்லை. பிள்ளை ஒருவன் இருந்ததே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் நிம்மதியாக இருந்தது. போகப்போக அது பொறாமையாக மாறியது. அவன் சட்டையை மடித்து வைக்கும்போதும், அவன் திதிக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போதும் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் அவனுக்கு. நீங்கள் கண்ணை மூடிக் கூம்பில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் தாங்க முடியாமல், “பெத்த பிள்ளையவே மறந்துட்டு, எப்படிங்க இப்படி நிம்மதியா உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டேன். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பாட்டை நிறுத்தினீர்கள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் போன மாசியில்தான் தெரிந்தது. உமா பேத்திகளின் ஆண்டுவிழாப் படங்களை அனுப்பியிருந்தாள். பெரிதாகப் பார்க்கலாம் என்று நீங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சீட்டுகளை நான் எப்போதும் எட்ட நின்று பார்த்ததுதான். நான்கு என்றே நினைத்திருந்தேன். ஒன்றை நகர்த்தியபோது அதன் அடியில் இன்னொன்று இருந்தது.

‘செந்தில் இறந்துவிட்டான். பைக் விபத்து. நான்தான் கொள்ளி வைத்தேன். சரசுவிடம் கேட்க வேண்டாம். கேட்டால் அவள் அழுகிறாள். படித்தாகிவிட்டது என்றால் முகத்தைக் கழுவிக்கொண்டு காப்பிக்குப் போ.’

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. தினமும் காலையில் நீங்கள் ஈர முகத்தோடு காப்பிக்கு வந்து நின்றது வரிசையாகக் கண்ணில் ஓடியது. துண்டால் துடைக்கக்கூட மாட்டீர்கள். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டும். வயதான காலத்தில் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை போல என்று நானே துடைத்துவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கதவிடுக்கில் நின்று பார்த்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். மாத்திரைச் சீட்டைப் படித்தீர்கள், உமா சீட்டைப் படித்தீர்கள். பிறகு கைப்பழக்கத்தில் அதை நகர்த்தி, அடியில் இருந்ததைப் படித்தீர்கள். உங்கள் கை மேசையில் எதையோ தேடுவது போல அலைந்தது. தோள் குலுங்கியது. சத்தம் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, குழாயடிக்குப் போனீர்கள். நான் அடுப்படிக்கு ஓடி டம்ளரை எடுத்தேன். சொட்டச் சொட்ட வந்து நின்று, காப்பியில் சீனி போட்டாயா என்று கேட்டீர்கள்.

அப்போதே உங்கள் கையைப் பிடித்திருக்கலாம். வாங்க, சேர்ந்தே அழுவோம் என்று சொல்லியிருக்கலாம். இப்போது ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைக்கிறேன். அன்று சீனி போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பதினோரு காலை அப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பதினோரு தடவை உங்களுக்குப் பிள்ளை செத்தான். பன்னிரண்டாம் நாள் நீங்கள் எழுவதற்கு முன்னாலேயே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தச் சீட்டின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். நிச்சயமாக அழிக்கவா என்று இங்கிலீஷில் கேட்டது. அம்புட்டு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அழி என்றேன்.

அன்று நீங்கள் முகம் காய்ந்து காப்பிக்கு வந்தீர்கள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, “செந்தில் என்னைக்கு வாரான்?” என்றீர்கள்.

“சனிக்கிழமை,” என்றேன்.

உங்கள் முகம் விரிந்ததை எப்படி எழுதுவது? அஞ்சு வருஷம் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. உடனே போய்க் காலண்டரில் ‘சனி காலை, செந்தில் வருகிறான்’ என்று அடித்து வைத்தீர்கள். சனிக்கிழமை மணியடித்தது. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். மத்தியானம் நான் வந்து, லீவு கிடைக்கவில்லையாம், அடுத்த வாரம் வருகிறானாம் என்று சொன்னேன். சரி, வேலைதானே முக்கியம் என்று எழுந்து உள்ளே வந்தீர்கள். இப்படி ஆறு சனிக்கிழமை.

ஏழாவது வாரம் நடுவில் நீங்கள் பெயிண்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். நம் தெரு, கோரிப்பாளையம் சந்திப்பு, ஆற்றுப் பாலம், அதைத் தாண்டி ஒரு பெரிய கட்டம். கட்டத்துக்குள் ஆரப்பாளையம் என்று எழுதியிருந்தது. நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன். என்ன புத்தியில் இருந்தேனோ.

அந்தச் சனிக்கிழமை ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கிறது என்றார்கள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நீங்கள் வருவதற்குள் வந்துவிடலாம் என்று கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டுப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வெள்ளைச் சட்டை கொடியில் இல்லை. காலண்டர் மணி நிறுத்த ஆளில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

தெருத்தெருவாகத் தேடினேன். தர்கா வாசலில் பாயிடம் கேட்டேன். பால் பூத்தில் கேட்டேன். ஆரப்பாளையம் என் நினைவுக்கே வரவில்லை. மூன்று மணி சுமாருக்குப் போன் வந்தது. ஒரு பெண் குரல், சட்டைப் பையில் படம் போட்ட தாள் இருந்தது, அதில் இந்த நம்பர் இருந்தது, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பெரியவர் மயங்கிவிட்டார், சீக்கிரம் வாருங்கள் என்றது. சித்திரை வெயில். ஆட்டோவில் போகும்போது ஆறு கண்ணைக் கூசவைத்தது.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா உங்களைத் தூண் நிழலில் படுக்க வைத்து, முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வெயிலில் அங்கேயே நின்றிருக்கிறீர்கள். உட்காரச் சொன்னால், உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியாது என்றீர்களாம். நான் குனிந்ததும் கண்ணைத் திறந்தீர்கள். என்னை அடையாளம் தெரிந்தது. “பஸ்ஸு லேட்டு. நீ எதுக்கு சரசு இந்த வெயில்ல வந்த?” என்றீர்கள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது முடிந்துவிட்டது.

அப்பா எதுக்கும்மா அங்கே போனார் என்று உமா கேட்டாள். ஏதோ பழைய ஞாபகம் என்றேன். நேற்றும் போனில் கேட்டாள். அதையேதான் சொன்னேன். கதவைப் பூட்டாததற்காக நான் என்னையே வருத்திக்கொள்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பூட்டாத கதவை யாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள்.

காரியம் முடிந்து ஒரு நாள் அந்த வெள்ளரிக்கார அம்மாவைப் பார்த்துவிட்டு வரப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகன் வாரான், மகன் வாரான்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே நின்னாக. அம்புட்டுச் சந்தோசம் ஆத்தா அவுக மொகத்துல. அத நெனச்சு மனசத் தேத்திக்கங்க,” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீங்கள் தினமும் காலையில் தனியாகத் தாங்கிய ஒன்றை, தாங்கிவிட்டு எனக்காக முகம் கழுவிக்கொண்டு வந்ததை, நான் ஒரு குறியைத் தட்டி இல்லாமல் செய்தேன். எதைத் தாங்க வேண்டும் என்று நீங்களே எழுதி வைத்திருந்தீர்கள். அது இருந்தவரை நீங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை.

உங்களுக்காகத்தான் அழித்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். ‘சனிக்கிழமை’ என்று முதல் தடவை சொன்னபோது என் வாய்க்கு அது இனித்தது. இரண்டாவது வாரத்திலிருந்து நான் அவனுக்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்பு வைக்க ஆரம்பித்தேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன். அவன் தலையணைக்கு உறை மாற்றினேன். வெள்ளிக்கிழமை ஆனால் எனக்குள் ஒரு பரபரப்பு வந்துவிடும். அவன் உயிரோடு இருக்கிற வீடு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது, அது உங்கள் தலைக்குள் இருந்தது. அதற்குள் நானும் போய்க் குடியிருந்தேன். வெளியே வர மனம் வரவில்லை. அதனால்தான் அந்தப் படத்தில் ஆரப்பாளையம் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை.

உங்களைத் தேடி அன்று ஆட்டோவை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடினேன். தூண் நிழலில் கூட்டம் நின்றது. யாரோ அந்தப் பக்கம் கை காட்டினார்கள். அதே நேரத்தில் திருப்பூர் பஸ் ஒன்று உள்ளே வந்து நின்றது. ஆட்கள் பையோடு இறங்கத் தொடங்கினார்கள். நீங்கள் பத்தடி தூரத்தில் கிடக்க, நான் அங்கேயே நின்று, கடைசி ஆள் இறங்கும் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.